“ஐனெ ட்ஸ்வை இன் மாட்டெ”: ஜெர்மனில் பள்ளி மதிப்பெண் பற்றிப் பேசப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மன் வகுப்பில் சேர்ந்து மூன்றாவது மாதம். பள்ளி நாட்களைப் பற்றி ஆளுக்கு நான்கு வாக்கியம் சொல்லுங்கள் என்றார் ஆசிரியை. பத்தாம் வகுப்புக் கணக்கில் 92 வாங்கிய பழம்பெருமையை எடுத்துவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? “இஷ் ஹாபெ ட்ஸ்வைஉண்ட்நொய்ன்ட்ஸிஷ் மார்க் பெகொம்மென்” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “யார் கொடுத்தது, தாத்தாவா?” என்று கேட்டார். மார்க் என்பது 2001 கடைசி வரை ஜெர்மனியில் புழங்கிய பணம். கணக்குப் பரீட்சை எழுதி 92 ரூபாய் சம்பாதித்த கதையைத்தான் நான் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போனாலும், என் தப்பு அந்த ஒரு சொல்லில் மட்டும் இல்லை என்பது பின்னாடிதான் புரிந்தது. நமக்கு மதிப்பெண் என்றால் ஒரு தொகை. ஒவ்வொரு கேள்விக்கும் சேர்ந்துகொண்டே போய் கடைசியில் 92, 487, 560 என்று நிற்கும். ஜெர்மன் பள்ளியில் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வருவது தொகை இல்லை, ஒரு தீர்ப்பு. ‘நன்று’, ‘போதும்’, ‘குறை இருக்கிறது’ என்று ஒரு சொல். எண் அந்தச் சொல்லுக்கு வைத்த சுருக்கப் பெயர். இது மண்டையில் ஏறிவிட்டால் கீழே வரும் இலக்கணம், வினைச்சொல், கேலி எல்லாம் தானாகவே உட்கார்ந்துவிடும்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், இது தோராயம்தான். ‘இஷ்’ என்று எழுதியிருப்பது உண்மையில் ‘ஹ்’-க்கும் ‘ஷ்’-க்கும் நடுவில் காற்றாக வரும் ஒலி. ‘யு’ என்று ஃப்யுன்ஃப்பில் வருவதை, உதட்டை ‘உ’ மாதிரி குவித்துக்கொண்டு வாய்க்குள் ‘இ’ சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

படி 1: ஆறு சொற்கள், திசை தலைகீழ்

மதிப்பெண்ணுக்கு ஜெர்மனில் ‘டீ நோட்டெ’, பன்மையில் ‘நோட்டென்’. இசைக் குறிப்புக்கும் இதே சொல்தான், குழம்ப வேண்டாம். பழைய ஆட்களும் சில பகுதிகளில் உள்ளவர்களும் ‘ட்ஸென்ஸூர்’ என்பார்கள், அதுவும் இதுதான்.

மொத்தம் ஆறு நோட்டென்.

1 – ஸேர் கூட் (மிக நன்று)
2 – கூட் (நன்று)
3 – பெஃப்ரீடிகெண்ட் (திருப்தி)
4 – அவுஸ்ரைஷெண்ட் (போதும்)
5 – மாங்கெல்ஹாஃப்ட் (குறை உள்ளது)
6 – உன்கென்யூகெண்ட் (போதாது)

ஜெர்மனியில் பள்ளிக் கல்வி 16 மாநிலங்களின் கையில் இருக்கிறது, ஒன்றுக்கொன்று ஒத்தே வராது. ஆனால் இந்த ஆறு சொற்கள் எல்லா மாநிலத்துக்கும் பொது. 1964-இல் ஹாம்பர்க்கில் மாநிலங்கள் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் இவற்றை நிலைநிறுத்தியது. நான்கு வரை தேர்ச்சி, ஐந்தும் ஆறும் அவுட்.

எண் சிறிதானால் நல்லது என்பதை எல்லோரும் முதல் நாளே மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனாலும் வாய் தவறும். “என் நோட்டெ உன்னுடையதைவிட உயர்ந்தது” என்று ஜெர்மனில் சொன்னால் கேட்பவருக்கு அது நல்லதா கெட்டதா என்றே தெரியாது. ‘உயர்ந்த’, ‘தாழ்ந்த’ இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ‘பெஸர்’ (மேல்), ‘ஷ்லெஷ்டர்’ (மோசம்), இந்த இரண்டு போதும்.

அப்புறம் அந்த மூன்றாம் சொல். அகராதியில் பார்த்தால் ‘திருப்தியளிக்கும்’ என்று இருக்கும், உடனே அம்மா அப்பாவுக்குச் சந்தோஷம். அவசரப்படாதீர்கள். அதற்குள்ளே ‘ஃப்ரீடென்’, அதாவது அமைதி, என்ற சொல் ஒளிந்திருக்கிறது. புகார் இல்லை, பாராட்டும் இல்லை, நடுத்தரம். ஜெர்மன்காரர் எதையாவது பெஃப்ரீடிகெண்ட் என்றால் அவர் கைதட்டவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து கோத்தே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படிக்கிறவரானால் இந்தச் சொற்கள் உங்கள் சான்றிதழிலேயே வரும். பி1 என்னும் நடுநிலைத் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் 100 புள்ளி. 90 முதல் ஸேர் கூட், 80 முதல் கூட், 70 முதல் பெஃப்ரீடிகெண்ட், 60 முதல் அவுஸ்ரைஷெண்ட், அதற்குக் கீழே தேர்ச்சி இல்லை. 72 வாங்கியவர் இனிமேல் “72 வாங்கினேன்” என்று சொல்லாமல் “பெஃப்ரீடிகெண்ட்” என்று சொல்லிப் பழகலாம்.

படி 2: எண்ணைப் பெண்ணாக்குங்கள்

இதைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். பரீட்சையில் கிடைத்த 2-ஐச் சொல்லும்போது அது எண்ணாக இருப்பதில்லை, பெயர்ச்சொல் ஆகிவிடுகிறது. ‘டீ ட்ஸ்வை’. எண் என்று பொருள்படும் ‘டீ ட்ஸால்’ பெண்பால், அதனால் ஐன்ஸ் முதல் ஸெக்ஸ் வரை ஆறும் பெண்பால். (ஆறாவதைச் சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு எழும், இரண்டு நாளில் அடங்கிவிடும்.) எழுதும்போது பெயர்ச்சொல் என்பதால் முதல் எழுத்து பெரிது.

“இஷ் ஹாபெ ஐனெ ட்ஸ்வை இன் மாட்டெ.” – கணக்கில் எனக்கு 2.

மாட்டெ என்றால் கணக்கு. ‘கணக்குப் போட மாட்டேன்’ என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறக்கவே மறக்காது. பாடப் பெயருக்கு முன்னால் ‘இன்’ மட்டும் போதும்: இன் டொய்ச் (ஜெர்மன்), இன் எங்லிஷ் (ஆங்கிலம்), இன் பியோ (உயிரியல்).

‘ஐனெ’-வை விட்டுவிட்டு “இஷ் ஹாபெ ட்ஸ்வை” என்றால் “என்னிடம் இரண்டு இருக்கிறது” என்றாகிவிடும். இரண்டு என்ன, பேனாவா பிள்ளையா என்று எதிராளி காத்துக்கொண்டிருப்பார். பன்மையும் உண்டு: ஐன்ஸென், ட்ஸ்வையென், ட்ரையென், ஃபியரென், ஃப்யுன்ஃபென், ஸெக்ஸென். “ட்ரை ட்ஸ்வையென் உண்ட் ஐனெ ஃபியர்” என்றால் மூன்று பாடத்தில் 2, ஒன்றில் 4. முதலில் வருகிற ‘ட்ரை’ எண்ணிக்கை, பின்னால் வருவது நோட்டெ. வேகமாகச் சொல்லும்போது காது குழம்பும், நிதானமாக நாலு முறை சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் அதே சமாச்சாரம் ஆணாகிவிடும்: ‘ஐன்ஸர்’, ‘ட்ஸ்வையர்’, ‘ஃப்யுன்ஃபர்’. அங்கே “இஷ் ஹாபெ ஐனென் ட்ஸ்வையர்” என்பார்கள். முனிச்சில் இருப்பவர்கள் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. மற்றவர்கள் கேட்டால் புரிந்துகொண்டால் போதும்.

படி 3: நான்கு வினைச்சொல்

‘ஹாபென்’ (இருக்கிறது) ஏற்கெனவே வந்துவிட்டது. அடுத்தது ‘பெகொம்மென்’, கிடைப்பது. ஆங்கிலத்தில் ‘பிகம்’ என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், பொருளில் அதோடு இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ‘நான் டாக்டர் ஆவேன்’ என்று சொல்ல நினைத்து இதைப் போட்டால் டாக்டர் உங்கள் வீட்டுக்கு டெலிவரி ஆவார். பேச்சில் பெகொம்மெனைவிட ‘க்ரீகென்’ அதிகம் வரும், பொருள் அதேதான், கொஞ்சம் லோக்கல். “வாஸ் ஹாஸ்ட் டூ கெக்ரீக்ட்?” – நீ என்ன வாங்கினே?

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது: ‘ஷ்ரைபென்’, எழுதுவது. “இஷ் ஹாபெ இன் எங்லிஷ் ஐனெ ஐன்ஸ் கெஷ்ரீபென்.” நேராகப் பார்த்தால் ‘ஆங்கிலத்தில் ஒரு 1 எழுதினேன்’. எழுதினது விடைத்தாள், கிடைத்தது 1, இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு மட்டும்தான் இது ஓடும்.

நான்காவது ‘ஷ்டேயென்’, நிற்பது. இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். மகள் ஜெர்மன் பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஆசிரியரைப் பெற்றோர் சந்திக்கும் நாள், எங்களுக்குப் பத்து நிமிடம். ஆசிரியர் கையேட்டைப் புரட்டிவிட்டு, “ஸீ ஷ்டேட் அவுஃப் ஐனர் க்லாட்டென் ட்ரை” என்றார். எனக்குத் தெரிந்த ‘ஷ்டேயென் அவுஃப்’-க்கு அர்த்தம் ‘பிடிக்கும், மயங்கிக் கிடக்கிறாள்’. யாரோ மூன்றாவது ஆள் பெயரில் விவகாரம் என்று அடிவயிறு கலங்கியது, ஆறாம் வகுப்பிலேயேவா! அவர் சொன்னது ‘சரியாக 3-இல் நிற்கிறாள்’ என்பதுதான். வித்தியாசம் ஒரே எழுத்து. ‘அவுஃப் ஐனர் ட்ரை’ என்றால் 3-இன் மேல் நிற்கிறாள். ‘அவுஃப் ஐனெ ட்ரை’ என்றால் அந்த 3 மேல் அவளுக்கு ஆசை. (தமிழ்க் கணக்கில் இல்லை, ஜெர்மன் கணக்கில்) நான்காம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை என்று ஜெர்மன் ஆசிரியர்கள் மூச்சுமுட்டச் சொல்லித் தருவது இதற்குத்தான்.

ஆண்டு நடுவில் இன்னும் முடிவாகாத நோட்டெயைச் சொல்ல இந்த வினைதான் சரி. “இஷ் ஷ்டேயெ ட்ஸ்விஷென் ட்ரை உண்ட் ஃபியர்” – மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஊசலாடுகிறேன்.

படி 4: எதில் வாங்கினது?

பரீட்சைக்கு ஒரே பெயர் என்றால் நன்றாக இருக்கும், இல்லை. கீழ் வகுப்புகளில் முன்கூட்டியே சொல்லி வைக்கும் எழுத்துத் தேர்வு ‘கிளாஸென்ஆர்பைட்’, பிள்ளைகள் வாயில் வெறும் ‘ஆர்பைட்’. மேல்வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் ‘கிளவுஸூர்’. பவேரியாவில் கிளாஸென்ஆர்பைட்டுக்கு ‘ஷூல்அவுஃப்காபெ’ என்று பெயர். பார்க்க வீட்டுப்பாடம் மாதிரி இருக்கும், ஆனால் வீட்டுப்பாடம் ‘ஹவுஸ்அவுஃப்காபெ’. அங்கே சொல்லாமல் கொள்ளாமல் வைக்கும் குட்டித் தேர்வு ‘எக்ஸ்’. எல்லா நோட்டெனும் சேர்ந்து அரையாண்டிலும் ஆண்டு முடிவிலும் வருவது ‘ட்ஸொய்க்னிஸ்’, நம் முன்னேற்ற அறிக்கை.

விடைத்தாள் கொடுக்கும் நாளில் ஆசிரியர் பலகையில் ஒரு கட்டம் போடுவார், அதற்கு ‘நோட்டென்ஷ்பீகெல்’ என்று பெயர். நோட்டென் கண்ணாடி. 1 இரண்டு பேர், 2 ஆறு பேர், 3 ஒன்பது பேர், 4 ஐந்து பேர், 5 மூன்று பேர், 6 யாருமில்லை, சராசரி 3,04. இவ்வளவுதான். யார் எது என்று அதில் இருக்காது, முதல் ராங்க் இரண்டாம் ராங்க் என்ற பேச்சும் கிடையாது. நம் வீட்டுப் பெரியவர்கள் போனில் “எத்தனாவது ராங்க்?” என்று கேட்கும்போது என் மகள் என்னைப் பார்ப்பாள், நான் கூரையைப் பார்ப்பேன். ஆனால் கேட்டே தீர வேண்டும் என்றால் “வீ வார் டெர் ஷ்னிட்?” (சராசரி எவ்வளவு?) என்று பிள்ளையிடம் கேட்கலாம். சராசரி 3,9 வந்த தேர்வில் 3 வாங்கியிருந்தால் அது கொண்டாட வேண்டிய 3.

படி 5: கூட்டல், கழித்தல், கமா

ஆறே ஆறு நோட்டென் வைத்துக்கொண்டு பேச்சு நடக்குமா? நடக்காது. அதனால் ‘ப்லுஸ்’, ‘மீனுஸ்’. ஐனெ ட்ஸ்வை ப்லுஸ் என்றால் 2-ஐவிடக் கொஞ்சம் மேல், ஐனெ ட்ரை மீனுஸ் என்றால் 3-க்குக் கொஞ்சம் கீழே. கூட்டலும் கழித்தலும் இல்லாமல் நடுவில் நிற்பது ‘ஐனெ க்லாட்டெ ட்ஸ்வை’, வழுவழுப்பான 2. “ட்ஸ்வை பிஸ் ட்ரை” என்றால் 2-க்கும் 3-க்கும் இடையில். ரொம்பப் பிரமாதமாகச் செய்துவிட்டால் ‘ஐனெ ஐன்ஸ் மிட் ஷ்டெர்ன்ஷென்’, குட்டி நட்சத்திரம் வைத்த 1. பள்ளிக்கு வெளியிலும் இது ஓடும்: சாம்பார் அருமையாக இருந்தால் ஜெர்மன் மருமகன் இப்படிச் சொல்லலாம்.

சராசரிக்குக் ‘கொம்மா’ வேண்டும். ஜெர்மனில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, கமாதான். 1,7 என்று எழுதி “ஐன்ஸ் கொம்மா ஸீபென்” என்று படிக்க வேண்டும். புள்ளி வைத்து எழுதினால் ஜூலை முதல் தேதி என்று படிப்பார்கள், அவ்வளவுதான். “இஷ் ஹாபெ ஐனென் ஷ்னிட் ஃபோன் ஐன்ஸ் கொம்மா ஸீபென்” – என் சராசரி 1,7. ஷ்னிட் ஆண்பால், அதனால் ஐனென்.

முன்னேறினால்: “இஷ் ஹாபெ மிஷ் ஃபோன் ஐனர் ஃபியர் அவுஃப் ஐனெ ட்ஸ்வை ஃபெர்பெஸர்ட்.” நாலிலிருந்து ரெண்டுக்கு வந்துவிட்டேன். ஃபோன்-க்குப் பின்னால் ஐனர், அவுஃப்-க்குப் பின்னால் ஐனெ. இந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லுங்கள், வேற்றுமை உருபு நாக்கிலேயே பதிந்துவிடும்.

படி 6: சொதப்பினால் சொல்வது

புத்தகத்தில் ‘டுர்ஷ்ஃபாலென்’ (தோற்பது) மட்டும் இருக்கும். “இஷ் பின் டுர்ஷ்கெஃபாலென்.” ஹாபெ வராது, பின்தான் வரும், ஏனென்றால் அதற்குள் விழுவது என்ற வினை இருக்கிறது. தேறினால் “இஷ் ஹாபெ பெஷ்டாண்டென்.”

ஆனால் பிள்ளைகள் பேசுவது வேறு. ‘ஃபெர்ஹவ்வென்’ என்று ஒரு வினை, அடித்து நொறுக்குவது. நம்மூரில் “பரீட்சையை அடிச்சு நொறுக்கிட்டேன்” என்றால் வெற்றி, அங்கே அதுவே தோல்வி! “இஷ் ஹாபெ டீ மாட்டெஆர்பைட் ஃபெர்ஹவ்வென்” என்று பிள்ளை சொன்னால் பாயசம் வைக்கக் கிளம்பிவிடாதீர்கள், கணக்குப் பரீட்சை சொதப்பல்.

வகுப்பு ஏறாமல் நிற்பது ‘ஸிட்ஸென்ப்லைபென்’, அப்படியே உட்கார்ந்திருப்பது. கேலியாக ‘ஏரென்ருண்டெ’ என்பார்கள், ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர் மைதானத்தை மரியாதைக்காக இன்னொரு சுற்று ஓடிவருவாரே, அந்தச் சுற்று. “எர் ட்ரேட் ஐனெ ஏரென்ருண்டெ” என்றால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். அதற்கு முன்னால் வீட்டுக்கு வருகிற எச்சரிக்கைக் கடிதம் ‘ப்லவுவர் ப்ரீஃப்’, நீலக் கடிதம். இப்போது சாதாரண வெள்ளைத் தாளில் வந்தாலும் பெயர் நீலம்தான். அதில் ‘ஃபெர்ஸெட்ஸுங் கெஃபேர்டெட்’ என்ற இரண்டு சொல் இருந்தால் வகுப்பேற்றம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். பதற வேண்டாம். ஒரு பாடத்தில் வந்த 5-ஐ இன்னொரு பாடத்தின் நல்ல நோட்டெயால் ஈடுகட்ட வழி இருக்கும், அதற்கு ‘அவுஸ்க்லைஷென்’ என்று பெயர். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் உங்கள் பள்ளியிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டு பேர் பேசுவது இப்படி இருக்கும்:

“உண்ட், வீ இஸ்ட் எஸ் கெலவுஃபென்?” (என்ன, எப்படிப் போச்சு?)
“கேட் ஸோ. இஷ் க்லவுப், இஷ் ஹாப்ஸ் ஃபெர்ஹவ்வென்.” (சுமார். சொதப்பிட்டேன்னு நினைக்கிறேன்.)
“வாஸ் ஹாஸ்ட் டூ டென் கெக்ரீக்ட்?” (அப்படி என்னதான் வாங்கினே?)
“ஐனெ ஃபியர் மீனுஸ்.” (நாலு மைனஸ்.)
“ஆஹ், ஹால்ப் ஸோ வில்ட்.” (அட, அவ்வளவு மோசமில்லை விடு.)

கடைசி வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். “கொப்ஃப் ஹோஹ்” (தலை நிமிரு) என்பதும் ஆறுதல்தான். நல்ல நோட்டெ வந்தால் “நிஷ்ட் ஷ்லெஷ்ட்”. ‘மோசமில்லை’ என்று மொழிபெயர்த்து மனம் சுருங்க வேண்டாம், அந்த ஊரில் அது நல்ல பாராட்டு.

படி 7: வாய் திறக்காத பிள்ளையும் பத்து நிமிடச் சந்திப்பும்

பெற்றோர் சந்திப்பு நாளுக்கு ‘எல்டெர்ன்ஷ்ப்ரெஷ்டாக்’ என்று பெயர். அங்கே போகும் தமிழ்ப் பெற்றோர் எல்லோருக்கும் நான் முதலில் சொல்லும் சொல் ‘ம்யுண்ட்லிஷ்’, வாய்மொழி. எழுத்துத் தேர்வு ‘ஷ்ரிஃப்ட்லிஷ்’. ட்ஸொய்க்னிஸில் வரும் நோட்டெ இரண்டும் சேர்ந்தது, வாய்மொழியின் பங்கு பல இடங்களில் பாதி வரைகூடப் போகும். வாய்மொழி என்றால் தனித் தேர்வு இல்லை. தினமும் வகுப்பில் கையைத் தூக்குவது, பதில் சொல்வது, தப்பாகவாவது ஏதாவது சொல்வது.

“ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசாதே” என்று வளர்த்த பிள்ளை, தேர்வில் 2 வாங்கிக்கொண்டு வகுப்பில் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தால் ட்ஸொய்க்னிஸில் 3 வரும். எங்கள் வீட்டில் வந்தது. எங்கோ கணக்குப் பிழை என்று சண்டை போடத் தயாராகப் போனேன். ஆசிரியர் பொறுமையாக “ஷ்ரிஃப்ட்லிஷ் ட்ஸ்வை, ம்யுண்ட்லிஷ் ஃபியர்” என்று விரல் விட்டுக் காட்டினார். இரண்டும் சேர்ந்து 3. நாங்கள் அடக்கம் என்று பெருமைப்பட்டது அங்கே 4.

கேட்க வேண்டிய மூன்று கேள்வி:

“வீ ஷ்டேட் மைனெ டொஹ்டர் இன் டொய்ச்?” (ஜெர்மன் பாடத்தில் என் மகள் எப்படி நிற்கிறாள்? மகன் என்றால் மைன் ஸோன்.)
“வீ ஃபீல் ட்ஸேல்ட் டாஸ் ம்யுண்ட்லிஷெ?” (வாய்மொழிக்கு எவ்வளவு பங்கு?)
“வாஸ் கான் ஸீ டூன், உம் ஸிஷ் ட்ஸு ஃபெர்பெஸர்ன்?” (முன்னேற அவள் என்ன செய்யலாம்?)

மூன்றாவதைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள். ஆசிரியரின் முகம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மலரும்.

படி 8: மேல்வகுப்பு, அபிடூர், பல்கலைக்கழகம்

ஆறு நோட்டென் பழகி முடிப்பதற்குள் ‘ஓபர்ஷ்டூஃபெ’ என்னும் மேல்வகுப்பில் கணக்கு மாறிவிடும், 0 முதல் 15 வரை ‘புங்க்டெ’. திசையும் திரும்பிவிடும், இங்கே அதிகம்தான் நல்லது. 15 என்றால் 1 ப்லுஸ், 14 என்றால் 1, 13 என்றால் 1 மீனுஸ், 12 என்றால் 2 ப்லுஸ் என்று மூன்று மூன்றாக இறங்கி, 5 வந்தால் வழுவழுப்பான 4. பூஜ்யம் என்றால் 6. “இஷ் ஹாபெ எல்ஃப் புங்க்டெ” என்று மேல்வகுப்புப் பையன் சொன்னால் 11 புள்ளி, அதாவது 2. புள்ளிகளுக்கு ஐனெ கிடையாது, ஏனென்றால் இவை எண்ணக்கூடிய பொருள்.

பள்ளி இறுதித் தேர்வான அபிடூரில் மொத்தம் 900 புள்ளி, கடைசி இரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு 600, தேர்வுகளுக்கு 300. 823-ஐத் தொட்டால் 1,0 கிடைத்துவிடும். குறைந்தபட்சம் 300, அதற்கு 4,0. இங்கேயும் கடைசியில் தொகை கரைந்து சின்ன எண் ஆகிவிடுவதைப் பாருங்கள். யாரும் “நான் 823 எடுத்தேன்” என்று சொல்ல மாட்டார்கள், “ஐன்ஸ் கொம்மா நுல்” என்பார்கள். பெரியவர்களிடம் அவர்களின் அபி சராசரியை நாமாகக் கேட்பது, என் பார்வையில், சம்பளம் கேட்பது போல. அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகத்தில் 1,0, 1,3, 1,7, 2,0 என்று போய் 4,0-இல் தேர்ச்சி முடியும், அப்புறம் நேராக 5,0. மாணவர்களிடம் ஒரு பழைய சமாதானம் உண்டு: நாலு என்றால் தேர்ச்சி, தேர்ச்சி என்றால் நல்லது, நல்லது என்றால் ரெண்டு, ரெண்டு கிட்டத்தட்ட ஒன்று! சட்டம் படிப்பவர்களுக்குத் தனி உலகம், 18 புள்ளி வரை. அங்கே ‘முழுத் திருப்தி’ என்ற நோட்டெ வாங்கியவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

வேலையை விடும்போது நிறுவனம் தருவதற்கும் ட்ஸொய்க்னிஸ் என்றுதான் பெயர். அதில் எண்ணே இருக்காது, சொல்லுக்குள் எண் ஒளிந்திருக்கும். ‘ஷ்டெட்ஸ் ட்ஸு உன்ஸெரர் ஃபொல்ஸ்டென் ட்ஸுஃப்ரீடென்ஹைட்’, எப்போதும் எங்கள் முழுமுழுத் திருப்திக்கு என்று இருந்தால் 1. வெறுமனே ‘ட்ஸு உன்ஸெரர் ட்ஸுஃப்ரீடென்ஹைட்’, எங்கள் திருப்திக்கு என்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது 4.

படி 9: நம் மதிப்பெண்ணை அவர்களுக்குச் சொல்வது

ஜெர்மனியில் படிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு இது அவசியம். பல இடங்களில் பயன்படுத்தும் வழி பவேரியச் சூத்திரம். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழியுங்கள். உச்சத்திலிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். பிளஸ் டூவில் 600-க்கு 510 என்று வைத்துக்கொள்வோம், தேர்ச்சி பாடத்துக்கு 35 வீதம் 210. 90-ஐ 390-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 0,69. ஒன்றைக் கூட்டினால் 1,69. பொறியியலில் 10-க்கு 8, தேர்ச்சி 5 என்றால் 2,2. சூத்திரம் ஒன்றுதான், ஆனால் எந்த எண்ணை உச்சமாகவும் தேர்ச்சியாகவும் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

நேர்காணலில் தொகையைச் சொல்லாமல் “உம்கெரெஷ்நெட் இஸ்ட் டாஸ் ஐனெ ஐன்ஸ் கொம்மா ஸீபென்” (மாற்றிப் பார்த்தால் அது 1,7) என்று சொல்லுங்கள். பேசுபவருக்கு உடனே விளங்கும்.

படி 10: எல்லை தாண்டினால்

ஆஸ்திரியாவில் ஐந்தே நோட்டென். நாலாவது ‘கென்யூகெண்ட்’, போதும், தேர்ச்சி. ஐந்தாவது ‘நிஷ்ட் கென்யூகெண்ட்’. பிள்ளைகள் பாஷையில் அந்த ஐந்துக்கு ‘ஃப்லெக்’, கறை. வகுப்புத் தேர்வுக்குப் பெயர் ‘ஷூல்ஆர்பைட்’.

சுவிட்சர்லாந்துக்கு இதில் தனிப் பாடமே வேண்டும், அதைப் படிக்காமல் நான் பட்டேன். அலுவலகத்தில் சூரிக்கிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மதிய உணவின்போது போனைப் பார்த்துவிட்டு, மகன் கணக்கில் ‘ஐனெ ஸெக்ஸ்’ வாங்கிவிட்டான் என்றார். பாவம் என்று நினைத்து, மெதுவாக அவர் தோளில் தட்டி “கொப்ஃப் ஹோஹ், ஹால்ப் ஸோ வில்ட்” என்றேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். சுவிட்சர்லாந்தில் 6-தான் உச்சம், 4 தேர்ச்சி, 1 கடைசி. அவர் வீட்டில் அன்றைக்குக் கேக் வாங்கியிருக்கிறார்கள்.